இயந்திரத்தை நான் ஜெயித்த விவரம்

அன்புள்ள அக்கா மகளுக்கு,

மாமா எழுதுவது. நானும் உன் அத்தையும் சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன், இந்தக் கடிதத்தைப் படிக்கத் தொடங்கும் வரைக்குமாவது. போனிலேயே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை, அதனால் கூரியரில் அனுப்புகிறேன்.

திங்கட்கிழமை நீ ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் கொடுக்கப்போகிறாய். மூன்று வருட உழைப்பு. எங்கள் பள்ளி ஏழாம் வகுப்பில் அ பிரிவுக்கு அதன் டீச்சர் செயற்கை நுண்ணறிவு இயந்திரத்தை வைத்துக்கொண்டு அறிவியல் நடத்த வேண்டும், ஆ பிரிவுக்கு நான் வெறும் சாக்பீஸோடு நடத்த வேண்டும், கடைசியில் இரண்டுக்கும் ஒரே தேர்வு என்பது உன் ஏற்பாடு. சொந்த மாமா, சொன்னபடி நடப்பார் என்று நம்பித்தான் என்னைச் சாக்பீஸ் பக்கம் போட்டாய். ஆ பிரிவு ஒன்பது மதிப்பெண் கூடுதலாக வாங்கியது. ஆசிரியருக்கு ஈடாக எதுவும் இல்லை என்று நீ முடிவுரை எழுதிவிட்டதாக அக்கா சொன்னாள். தலைமையாசிரியை காலைக் கூட்டத்தில், "மெஷினையே ஜெயிச்சவர் நம்ம சார்தான்" என்று சொல்லி எல்லாரையும் கைதட்ட வைத்தார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

விஷயம் என்னவென்றால், நான் வெறும் சாக்பீஸோடு பாடம் நடத்தவில்லை. முதல் வாரமே பயம் பிடித்துக்கொண்டது. இருபத்தேழு வருடம் நடத்திய பாடத்தில் ஒரு பெட்டியிடம் தோற்றுவிட்டு ஓய்வு பெறும் வரை அந்த வராந்தாவில் எந்த முகத்தோடு நடப்பது? அது என்னதான் சொல்லிக்கொடுக்கிறது என்று வேவு பார்க்க அதையே என் போனிலும் போட்டுக்கொண்டு, பள்ளிக்குப் போகிற பஸ்ஸில் அரைமணி நேரம், பருவகாலங்களை எப்படிப் புரியவைப்பது என்று கேட்டேன், அது பந்தும் டார்ச்சும் எடுத்துப் போகச் சொன்னதோடு விடாமல், "கேள்வி கேட்ட பிறகு ஐந்து விநாடி காத்திருக்கிறீர்களா?" என்று என்னையே திருப்பிக் கேட்டது. பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் எக்ஸ்பிரஸ். கேள்வியும் நானே, பதிலும் நானே, மணி அடிப்பதற்குள் அடுத்த பாடம். சரி, ஒரு நாள் பார்ப்போமே என்று கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் எண்ணினேன். மூன்றுகூட ஆகவில்லை, முன் பெஞ்சுப் பெண் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்து, "சார், உக்காருங்க சார், நெஞ்சு வலிக்குதா?" என்கிறாள். இன்னொருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள். மறுநாளும் எண்ணினேன். நான்காம் நாள், அதுவரை வாயே திறக்காத கடைசி பெஞ்சுக்காரி கையைத் தூக்கிச் சரியான பதிலைச் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு எங்கே விடுவது, வருடம் முழுவதும் பஸ்ஸில் அது எனக்கு நடத்தும், வகுப்பில் நான் பிள்ளைகளுக்கு நடத்துவேன்.

நேற்று உன் அத்தை போனைப் பார்த்துவிட்டாள். "அந்தப் பொண்ணு மூணு வருஷமா சோறு தண்ணி பாக்காம எழுதியிருக்கா. நாளைக்கு எவனாவது கண்டுபிடிச்சா அவ பட்டம் என்ன ஆகும்? நீங்க கைதட்டு வாங்கணும்னு அவ தலையில மண்ணப் போடுவீங்களா?" என்று கேட்டாள். ஐந்து விநாடிகூட எண்ணவில்லை, பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஆகவே அந்த ஆய்வேட்டைக் கொடுக்காதே. அ பிரிவிலும் இயந்திரம், ஆ பிரிவிலும் இயந்திரம் என்றால் ஒப்பிட அதில் என்ன இருக்கிறது? உன் பேராசிரியரிடம் நானே வந்து சொல்கிறேன். திட்டுவதானால் என்னைத் திட்டட்டும். வெட்கமாக இருக்கிறது, அம்மா.

தொட்ட காரியமெல்லாம் உனக்குக் கைகூட வேண்டும் என்று, தொட்டதைக் கெடுத்த நானே மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் அ பிரிவு டீச்சரிடமும் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று போனேன். முழுவதையும் கேட்டுவிட்டு அந்த அம்மாள் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "சார், யார்கிட்டயும் சொல்லாதீங்க. அந்த மெஷின் ரெண்டாவது வாரமே வகுப்ப விட்டுப் போயிடுச்சு. புள்ளைங்க முன்னாடி, உங்கள் விளக்கத்தில் சிறு தவறு உள்ளதுன்னு சொல்லிச்சு சார். அப்புறம் நான் எப்படி அத பக்கத்துல வச்சுக்கறது?" என்றார். தினமும் நாற்பது நிமிடம் ஓடியதாக உனக்குக் கணக்கு வந்ததே என்றேன். அது ஆபீஸ் கிளார்க்காம். ஆபீஸுக்குப் போன மெஷினிடம் தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். இப்போது படி ஏறுகிறாராம்.

எனவே மேலே எழுதியதை மறந்துவிடு. இயந்திரம் இல்லாமல் படித்தது அ பிரிவு, இயந்திரத்தின் புண்ணியத்தில் படித்தது ஆ பிரிவு. ஒப்பிட எல்லாம் இருக்கிறது. திங்கட்கிழமை கொடுக்காமல் பேராசிரியரிடம் நாள் கேள், டீச்சரையும் அழைத்துக்கொண்டு வருகிறேன், நடந்ததை நடந்தபடி எழுது. முடிவுரையை மட்டும் தலைகீழாக மாற்ற வேண்டியிருக்கும். ஜெயித்தது நான் இல்லை என்கிற அந்த ஒரு வரியை மட்டும், எங்கள் தலைமையாசிரியை படிக்காத இடமாகப் பார்த்துப் போடு.