பாயின் முன்பல்

ஆம்பூரில் வாய் என்று ஒன்று இருக்கிற யாரும் எங்கள் ‘ஆ’ டாக்டரிடமிருந்து தப்பியதில்லை. மயக்க மருந்து டாக்டர் அவர். உதவியாளனாக நான் வேலைக்குச் சேர்ந்த அன்று பெயரைக்கூடக் கேட்கவில்லை, "ஆ காட்டு" என்றார். என் நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர் பெண்ணிடமும் அதையே சொன்னார். மாமனார் ஒரு மாதிரி முறைத்தார். அடுத்து அவர் வாய்.

காரணம் இல்லாமல் இல்லை. மூச்சுத் திணறுகிறவருக்கு அவசரமாகத் தொண்டையில் குழாய் விடும்போது, ஆடுகிற பல் கழன்று நுரையீரலுக்குள் போய்விடலாம். அபூர்வம்தான். "அந்த அபூர்வம் நம்ம ஊருக்கு பஸ் ஏறி வராதுன்னு இன்னாடா நிச்சயம்?" என்பார்.

பிரியாணிக் கடை பாயையும் விடவில்லை. கல்லாவிலேயே வாயைத் திறக்க வைத்தார்.

"முன்பல்லு ஆடுது பாய். எடுத்துடுங்க."

"பொண்ணு கல்யாணம் முடியட்டும் சார். போட்டோவுல சிரிக்கணும்ல."

கல்யாணம் நெருங்கும்போது, விறகுப் புகையில் இழுப்பு முற்றி, உதடெல்லாம் நீலமாகி, பாய் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவில் வந்து இறங்கினார். டாக்டர் குனிந்தார். குழாய் உள்ளே போனது. நெஞ்சு ஏறி இறங்கியது. பாயின் மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். டாக்டர் மட்டும் பாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பல்லைக் காணோம்.

"ஒருத்தரும் நகராதீங்க. செருப்பத் தூக்கிக் காட்டுங்க." சொல்லிவிட்டுக் கட்டிலுக்கடியில் புகுந்துவிட்டார்.

"உயிரு வந்துச்சே சார், பல்லுக்குப் போய் இன்னா பேஜாரு?" என்றான் மகன்.

"அது உள்ள போயிருந்தா வந்த உயிரு தங்காதுப்பா" என்று கட்டிலுக்கடியிலிருந்து பதில் வந்தது.

எக்ஸ்ரே எடுத்தோம். நெஞ்சில் இல்லை, வயிற்றிலும் இல்லை. அவர் நம்பவில்லை, இன்னொன்று எடுக்கச் சொன்னார். அதிலும் இல்லை. சாப்பாட்டையும் மறந்து, வெறுத்துப்போய், கேஸ் ஷீட் எழுதக் குனிந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவோடு பல்லும் விழுந்தது. குழாய் விட்ட கருவியை வெளியே எடுக்கும்போது தெறித்து, நேராக அவர் பைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. ஊரையே வாய் திறக்கவைத்தவர் தன் வாயை மூட மறந்து நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

கல்யாணப் போட்டோ இப்போதும் கடைச் சுவரில் தொங்குகிறது. பாய் ஓட்டை தெரியச் சிரிக்கிறார். பக்கத்தில் டாக்டர், கேமராவைப் பார்க்காமல் பாயின் வாயை எட்டிப் பார்க்கிறார்.

டாக்டர் ரிட்டையராகிச் சொந்த ஊர் திமிரிக்குப் போய்விட்டார். கடையில் என்னைக் கண்டால் பாய் தானாகவே வாயைத் திறந்து காட்டுகிறார்.

"சாரைப் பாத்தா சொல்லுப்பா. மீதி எல்லாம் பத்திரமா இருக்கு."