புகார்ப் பிரிவின் இறங்குமுகம்

அன்புத் தங்கைக்கு அண்ணன் ஆசியுடன் எழுதுவது. உன் அண்ணியும் பிள்ளைகளும் நலம். நான் நலமா என்பதைக் கடிதத்தைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள்.

எங்கள் ஃபிரிட்ஜ் கம்பெனியில் செலவைக் குறைக்கப் புகார்ப் பிரிவை மூடப்போவதாகப் பேச்சு அடிபட்டதும், எனக்குக் கீழே வேலை செய்யும் மூன்று பேருக்கும் பேயறைந்த முகம். நாம் உழைத்ததை முதலாளிக்குக் காட்டுவோம் என்று, ஏழெட்டு நிறத்தில், நிழல் கொடுத்து, ஓரத்தில் பூவெல்லாம் வைத்து ஒரு கிராஃப் போட்டேன். அதை உனக்கு அனுப்பினேன் பார், அதுதான் தப்பு. காலேஜில் கிராஃப் சொல்லிக்கொடுக்கும் தோரணையில், "அண்ணா, இது கிராஃபா, சர்க்கஸ் கூடாரமா? வேண்டாததையெல்லாம் எடு. இன்னும் எடு" என்றாய். எடுத்தேன். நிறம் போச்சு, நிழல் போச்சு, கட்டம் போச்சு, போகிற போக்கில் தலைப்பும் எண்களும் போச்சு. மிஞ்சியது மேலிருந்து கீழே சறுக்கும் ஒரே ஒரு கோடு.

அதைத் திரையில் போட்டதும் முதலாளி தண்ணீர் கேட்டார். "விற்பனை இப்படி விழுந்து கிடக்கு, ஒருத்தரும் வாயத் திறக்கலையே?" என்று விற்பனை மேனேஜரைப் பிடித்துக்கொண்டார். அந்த மனுஷன் பாவம், தன்னுடைய கோடுதான் என்று நம்பி மன்னிப்பே கேட்டுவிட்டார். "சார், அது விற்பனை இல்ல, புகார். மாசா மாசம் குறையுது" என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. மறுநாள், நீ போனில் திட்டியபடியே தலைப்பு, மாதம், எண்ணிக்கை எல்லாம் எழுதி, பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்து, பளிச்சென்று வேறொன்று போட்டேன். முதலாளிக்குப் பார்த்தவுடன் புரிந்தது. "பிரமாதம்யா. புகாரே இல்லேன்னா புகார்ப் பிரிவு எதுக்கு?" என்றார்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது இதுதான். மாதக் கடைசியில் மூடுகிறார்கள். மூன்று பேரும் என் முகத்தில் விழிப்பதில்லை. உன்மேல் எனக்குக் கோபம்தான். ஆனாலும் புகார் குறைந்தது எங்கள் உழைப்பால்தான். அந்தப் பெருமையை எவனும் பிடுங்க முடியாது.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். உன் மாணவர்கள் தீர்க்காயுசாக இருக்கட்டும், அவர்களுடைய அண்ணன்மார் அதைவிட நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
இந்த மாதம் வரை புகார்ப் பிரிவின் தலைவனாகிய
உன் அண்ணன்.

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒரு சேதி. காலி செய்வதற்காக மேஜைகளை நகர்த்தினால், நான்கு டெலிபோனில் மூன்றுக்கு ஒயர் பிடுங்கிக் கிடக்கிறது, மாதத்துக்கு ஒன்றாகப் போயிருக்கும்போல. மாட்டினோம், அதிலிருந்து மணி ஓயவில்லை. மணிச் சத்தத்தைக் கேட்ட முதலாளி மூடுவதை நிறுத்திவிட்டார். பிரிவு பிழைத்தது, மூன்று பேரும் சாப்பிடக்கூட எழவில்லை. முதலாளிக்கு ஒயர் விஷயம் தெரியாது. திங்கட்கிழமை புதுக் கிராஃப் கேட்கிறார். எவனுக்கும் புரியாதபடி ஒன்று போடுவது எப்படி என்று உடனே எழுது.