சேர்தூக்கி

பதவி உயர்வு என்றதும் ஆட்கள் லீவு போட்டுவிட்டு ஓடியது திருப்பூரிலேயே எங்கள் பனியன் கம்பெனியில் மட்டும்தான். காரணம், சேர்தூக்கி.

மேனேஜர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அதிகாரி அவர். யாருக்காவது பதவி உயர்ந்தால் மறுநாள் காலை கதவைத் தட்டுவார், வணக்கம் வைப்பார், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். சூப்பர்வைசருக்கு ஒரு மாதம் நாற்காலி கிடையாது, மேனேஜருக்கு மூன்று மாதம், ஜெனரல் மேனேஜருக்கு ஆறு மாதம். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த முதலாளி மகன் மேஜைமேல் உட்கார்ந்து பார்த்தார். மறுநாள் மேஜையும் போயிற்று. ஏன் என்று சேர்தூக்கி யாருக்கும் சொன்னதில்லை.

நான் புரொடக்‌ஷன் மேனேஜரானபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது.

"எனக்கு முட்டி வலிங்க" என்றேன்.

"லைன்ல நடங்க, சரியாப் போயிருமுங்க" என்று சேரைத் தூக்கிவிட்டார்.

நாளெல்லாம் நின்றுகொண்டே இருந்த எரிச்சலைத் தையல் லைனில் காட்டினேன். செல்வி என்ற டெய்லர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "வேலையப் பாரு" என்று எரிந்து விழுந்தேன்.

மறுநாள் பேக்கிங்கில் பார்த்தால், லார்ஜ் பனியன்களில் மீடியம் லேபிள். சாயங்காலம் லாரி. சரக்கு போகாவிட்டால் ஆர்டர் போகும், கூடவே என் பதவியும் போகும். லேபிள் தைத்த செல்வியிடம் ஓடினேன். நான் கத்துவதற்குள் சேர்தூக்கி குறுக்கே வந்து நின்றார்.

"சொல்லு கண்ணு, என்னாச்சு?"

"லேபிள் மாறி வந்திருக்குன்னு நேத்தே சொல்ல வந்தனுங்க. சார் எங்கீங்க கேட்டாரு" என்றாள்.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சேர்தூக்கி ஒரு வார்த்தை திட்டவில்லை. அவள் பக்கத்தில் இரண்டு ஸ்டூல்களைப் போட்டு, ஒன்றில் என்னை உட்காரச் சொல்லி, மற்றதில் தானும் உட்கார்ந்து லேபிள் பிரிக்க ஆரம்பித்தார். லைனே சேர்ந்துகொண்டது. முதலாளி வந்து, "என்னய்யா இது?" என்றார்.

"மேனேஜர் ட்ரெய்னிங்குங்க" என்றார் சேர்தூக்கி, தலையைத் தூக்காமல்.

லாரி போனது. என் பதவியும் தப்பியது.

போன மாதம் என்னை ஜெனரல் மேனேஜராக்கினார்கள். சேர்தூக்கி மாரடைப்பில் போய் இரண்டு வருடமாகிறது. நாற்காலியைத் தூக்க ஆளில்லை என்று தாராளமாக உட்கார்ந்தேன். மெத்தென்றுதான் இருந்தது, ஆனால் மனசு ஒட்டவில்லை.

கதவு தட்டும் சத்தம். செல்வி. இப்போது அவள் சூப்பர்வைசர். வணக்கம் வைத்தாள்.

"எந்திரிங்க சார். ஆறு மாசமுங்க."

எழுந்தேன். அவர் செத்த அன்று வராத அழுகை அப்போது வந்தது.