சாப்பாட்டு மேசைத் துளைகள் குறித்துச் சம்பந்திக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தி அம்மாளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூவரும் உடலளவில் நலம். தங்கள் மகன் வேளைக்குச் சாப்பிடுகிறார், நேரத்துக்குக் கண்ணாடிக் கடைக்குப் போகிறார், கண் பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் நல்ல பெயர் வாங்கியிருக்கிறார். இவ்வளவும் மரியாதைக்காக எழுதியது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் அச்சகத்தில் பிழை திருத்தியே காலம் தள்ளியவன் என்பது தங்களுக்குத் தெரியும். பிழையைக் கண்டால் ஓரத்தில் ஒரு கோடு போடுவேனே தவிர, எழுதியவரோடு மல்லுக்கு நிற்க மாட்டேன். இதையும் அப்படி ஓரத்தில் போட்ட கோடாகவே எடுத்துக்கொள்ளவும்.

மாப்பிள்ளை இங்கே எங்கள் வீட்டில் ஒரு விளையாட்டுப் பலகை செய்கிறார். முன்பு கடைகளில் ஆளுயரப் பெட்டிகள் இருக்கும், காசு போட்டால் திரையில் விமானம் பறக்கும், நினைவிருக்கிறதா? அதற்கு ஆர்கேட் என்று பெயராம். அந்த விளையாட்டுகள் எல்லாம் இப்போது ஒரு சின்னக் கணினிக்குள் அடங்கிவிட்டன. ஆனால் கைப்பிடியைத் திருகாமல், பொத்தானைக் குத்தாமல் ஆடினால் அது விளையாட்டே இல்லை என்பது தங்கள் மகனின் கட்சி. சண்டை போடக் கைப்பிடி வேண்டும், வேறொன்றுக்கு உள்ளங்கையால் உருட்டும் பந்து வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனிப் பலகை என்றால் வீடு தாங்காது. அதற்கு அவர் கண்டுபிடித்த வழியை நானே மெச்சினேன். கண் பரிசோதனையின்போது மூக்கில் ஒரு வெற்றுச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று கேட்பாரல்லவா, அதே யோசனைதான். ஒரே மரச்சட்டம், அதில் கைப்பிடித் துண்டு, பந்துத் துண்டு, பொத்தான் துண்டு என்று வேண்டியதைச் செருகி வேண்டாததைக் கழற்றிவிடலாம். "ரெண்டு ஞாயித்துக்கெழமை போதும் மாமா" என்றார். எந்த இரண்டு ஞாயிறு என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

துளை போட உறுதியான இடம் வேண்டுமென்று சாப்பாட்டு மேசையைப் பிடித்தார், பலகையில் மட்டும்தான் துளை விழும் என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன், துளைக்கிற கருவி நம்பவில்லை. பலகையைத் தூக்கிப் பார்த்தால் மேசையிலும் அதே ஆறு துளைகள், அதே அழகான வளைவில். என் அவித்த முட்டை உருளாமல் நிற்க அவற்றில் ஒன்று வசதியாக இருக்கிறது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். அடுத்து, துண்டுகள் மூன்றும் சட்டத்தில் கச்சிதமாக உட்கார்ந்தன. அந்தச் சந்தோஷத்தில் கறுப்புப் பெயிண்ட் அடித்தார், பளபளப்பு போதாதென்று இன்னொரு பூச்சு, அதற்கு மேல் இன்னொன்று, பெயிண்டுக்கும் கனம் உண்டு என்பது காய்ந்த பிறகுதான் தெரிந்தது. பந்துத் துண்டு உள்ளே போனது போனதுதான். இழுத்தால் சட்டம் வந்தது, சட்டத்தோடு மேசை விரிப்பு வந்தது, விரிப்பின் மேலிருந்த என் மூக்குக்கண்ணாடி தரைக்குப் போனது. கண்ணாடியை மறுநாளே சரிசெய்து கொடுத்துவிட்டார், அதில் குறை சொல்ல முடியாது. பிறகு ஓரமெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, என் முகப்பவுடரையும் தூவினார். இப்போது துண்டுகள் சுலபமாக வருகின்றன, சில சமயம் கூப்பிடாமலேயே வருகின்றன.

இதற்கெல்லாம் மேலே ஒயர் வேலை. எல்லா ஒயரும் ஒரே சிவப்பு. எது எங்கே போகிறது என்று பார்க்க என்னை உட்கார வைத்தார்.

"மாமா, வலது பக்கம் தள்ளுங்க."

"தள்ளிட்டேன்."

"மேல குதிக்குதே!"

"நான் குதிக்கச் சொல்லல, மாப்பிள்ளை."

"சரி, இப்ப? இது பரவால்லையா, முன்னது பரவால்லையா?"

"ரெண்டும் மங்கலாத்தான் இருக்கு" என்றேன். பழக்க தோஷம்.

சிரிப்புச் சங்கதி இதோடு முடிந்தது. என் மகள் வீட்டிலிருந்தபடியே ஒரு குடிநீர் இயந்திரக் கம்பெனிக்கு வரும் புகார்களைத் தொலைபேசியில் கேட்கிறவள் என்பது தாங்கள் அறிந்ததே. ஒரு வாடிக்கையாளர் தன் இயந்திரம் லேசாக முனகுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது இங்கே தங்கள் மகன் துளைக்கும் கருவியை ஓட்டினார். அந்த மனிதர் தன் இயந்திரம்தான் வெடிக்கப்போகிறது என்று பயந்து, மனைவி மக்களை வாசலுக்கு விரட்டி, மேலிடம் வரைக்கும் பேசிவிட்டார். கம்பெனியார் என் மகளிடம் விளக்கம் கேட்டார்கள். அன்றிலிருந்து அவள் தன் கணவரிடம் புகார் கேட்கும் குரலில் மட்டுமே பேசினாள். "காபி இருக்கா?" என்று அவர் கேட்டால், "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது, காத்திருப்பதற்கு நன்றி" என்பாள். காபி வராது. திட்டியிருந்தால் எனக்குக் கவலை இருந்திருக்காது, சம்பந்தி. ஒருநாள் என்னிடம் வந்து, சொந்தக் குரலில், "அப்பா, நாம ரெண்டு பேரும் மட்டும் தனியா ஒரு வீடு பாத்துக்கலாமா?" என்றாள். நான் செய்தித்தாளைப் புரட்டினேன். எந்தப் பக்கம் என்று இப்போதும் தெரியாது.

அந்த வாரமே ஒரு வீட்டுக்காரரிடம் பேசியும் விட்டாள். சாவி வாங்கப் போகலாம் என்று என்னை அழைக்க வந்தபோது, நான் இருவர் ஆடப் புதிதாகச் செய்த இரண்டாவது கைப்பிடித் துண்டின் முன் உட்கார்ந்து திரையில் மாப்பிள்ளையிடம் தொடர்ந்து உதை வாங்கிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "அப்பா, அது அடிக்கிற பொத்தான் இல்ல, தடுக்கிறது. தள்ளுங்க" என்று என் நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்காகப் பழிவாங்கத்தான் உட்கார்ந்தாள் என்று நினைக்கிறேன். பலகையோ அகலம் பத்தாது, இருவர் முழங்கையும் இடிக்கும், அவருடைய துண்டு வேறு பாதி ஆட்டத்தில் கழன்று அவர் மடியில் விழுந்தது. அப்போது என் மகள் தங்கள் மகனைப் பார்த்து, "டேய், தோக்கப் போறேன்னு கழட்டிட்டியாடா!" என்று வீடு அதிரக் கத்தினாள். அவர், "சத்தியமா தானா வந்துச்சுடி!" என்றார். இருவரும் சிரித்த சிரிப்பில், சாவி வாங்க வரவில்லையா என்று போன் செய்த வீட்டுக்காரருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. 'டேய்' என்று அழைத்ததற்குச் சம்பந்தி என்ற முறையில் தங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தகப்பன் என்ற முறையில் அன்று இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டேன்.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. இப்போது இருவரும் ஒரே கட்சி. தட்டை வைக்க மேசை கிடையாது, நான் சமையலறையில் நின்றபடி சாப்பிடுகிறேன். அடுத்து கார் ஓட்டுகிற துண்டாம். சாமான் எங்கிருந்தோ வரப்போகிறதாம், யாரோ பெரியவர் ஒருவர் தூண்டிவிடுகிறாராம், பெயர் மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். இந்த வயதில் இப்படிச் சின்னவர்களைக் கெடுக்கிறவர் யாரானாலும் அவரைத் தாங்கள் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும். மகனுக்கும் எடுத்துச் சொல்லி, இருக்கிற துண்டுகளோடு நிறுத்தச் செய்ய வேண்டும். தங்கள் நிதானத்தை நான் எப்போதும் வியந்திருக்கிறேன்.

சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்குத் தங்கள் ஆசியைத் தூரத்திலிருந்தே அனுப்பினால் போதும், வந்தால் உட்கார வைக்க இடமில்லை.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் கூரியர்காரர் ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். அனுப்பியவர் இடத்தில் தங்கள் கையெழுத்து. உள்ளே, தங்களுடைய கோடு போட்ட பழைய சட்டையில் பத்திரமாகச் சுற்றி, ஒரு ஸ்டியரிங்கும் கால்மிதியும். ஆகவே மேலே எழுதியது எதையும் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளவும். தாங்கள் அனுப்பியது சட்டத்தைவிட விரல் அகலம் கூடுதல். அரத்தோடு நேரில் வந்து சரிசெய்து கொடுக்கவும். ஒயரை மட்டும் மாட்டி, ஸ்டியரிங்கை மடியில் வைத்து நானும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டேன், திரையில் சுவரில் மோதினேன். பெட்டியில் ஆக்ஸிலரேட்டர் மட்டும்தான் இருக்கிறது, பிரேக் இல்லை. வைக்க மறந்துவிட்டீர்களோ என்று நான் கவலைப்பட்டதற்கு மகள் சொல்கிறாள்: "மாமாகிட்ட இருந்தாத்தானேப்பா அனுப்புவாரு."