நாற்பத்து நாலு துடிப்பும் நெஞ்சுக்கு ஒரு பெட்டியும்

சாங்வி, புனே
ஆகஸ்டு 2001

அன்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனர் சின்னதுரை அவர்களுக்கு, அத்தான் மாடசாமி ஆஸ்பத்திரிக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதச் சொல்வது. நான் இங்கே பரிபூரண சுகம். என்னைச் சுற்றி இருப்பவர்கள்தான் ஒருவரும் சுகமாக இல்லை. உங்கள் அக்காள் பவுன் மூன்று வேளையும் அழுகிறாள். மனோஜ் சவரம் செய்துகொள்வதை விட்டுவிட்டான். மருமகள் ப்ரீத்தி எனக்குப் பிடித்ததையெல்லாம் கேட்காமலே சமைத்துக் கொண்டுவருகிறாள், அதைப் பார்த்தால்தான் எனக்கே கொஞ்சம் பயமாக இருக்கிறது. கோவில்பட்டியில் நீங்களும் தங்கச்சி சாவித்ரியும் நல்லபடி இருக்கக் கழுகுமலையான் காவல்.

எனக்கு எழுத்து வாசனை கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்த விஷயம். பக்கத்துக் கட்டிலில் பாலசுப்ரமணியன் என்று ஒரு பாங்கு அதிகாரி, கும்பகோணத்துக்காரர், ஊசி போடும்போது “ஐயோ அம்மா” என்று கத்தினார், நம்ம ஆள் என்று கண்டுபிடித்துவிட்டேன். அவர்தான் எழுதுகிறார். அவருக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, எனக்கு அடிக்கவே யோசிக்கிறது. இரண்டையும் கூட்டி ஆளுக்குப் பாதி கொடுத்தால் இரண்டு பேரும் இன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். நான் யாரையாவது வைகிற இடத்திலெல்லாம் இவர் ‘ஒன்றுமில்லை’ என்று போட்டுவிடுகிறார். ஆகையால் கடிதத்தில் எங்கே ‘ஒன்றுமில்லை’ என்று வந்தாலும் நீங்கள் பொருத்தமாக நிரப்பிக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான் மச்சான். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை என் நெஞ்சைக் கீறி உள்ளே ஒரு சின்னப் பெட்டியை வைத்துத் தைக்கப்போகிறார்கள். நெஞ்சு அடிக்க மறந்தால் அந்தப் பெட்டி ஞாபகப்படுத்துமாம். என் ஞாபகத்துக்கு ஒரு பெட்டி! ஐம்பத்தெட்டாம் வருஷம் நான் இந்த ஊரில் வந்து இறங்கிய அன்றைக்கு ஸ்டேஷன் வாசலில் எனக்கு டீ கொடுத்தவன் எந்தக் கண்ணில் மாறுகண் என்று இன்றைக்கும் சொல்வேன். அறுபத்தொன்றில் அணை உடைந்து ஊர் மிதந்தபோது எந்தத் தெருவில் எந்தப் படி வரை தண்ணீர் நின்றது என்று கேளுங்கள், சொல்கிறேன். எனக்கு ஒன்றுமில்லை. அந்தப் பெட்டி வேண்டாத பெட்டி, அதை நிறுத்த உங்கள் ஒருவரால்தான் முடியும். எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

எங்கள் கட்டடத்துச் சங்கத்தார் போன ஞாயிற்றுக்கிழமை கீழே பந்தல் போட்டு இலவச வைத்தியப் பரிசோதனை வைத்தார்கள். பரிசோதனை செய்துகொண்டால் பிஸ்கட்டும் டீயும் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு இறங்கிப் போனேன். அங்கே ஒரு சின்னப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள், நாற்பத்து நாலு என்றாள். மறுபடியும் பிடித்தாள், நாற்பத்து மூன்று. கையை விட்டுவிட்டுத் தன் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தாள். “ஆஜோபா, சக்கர் வருதா?” என்று தமிழும் மராத்தியும் இல்லாத ஒரு பாஷையில் கேட்டாள். தலை சுற்றவில்லை, பிஸ்கட் எங்கே என்றேன். அதற்குள் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள், செயலாளர் ஓடிப்போய் மனோஜுக்குப் போன் போட்டார், ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. அது வரும் நேரத்தில் நான் நாலு மாடி ஏறி வீட்டில் செருப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். நடந்தே இறங்குகிறேன் என்றால் கேட்கிறார்களா, தூக்குகட்டிலில் போட்டுப் பட்டை கட்டினார்கள். கட்டில் லிப்டுக்குள் போகவில்லை. இரண்டு பையன்கள் படி வழியே தூக்கிக்கொண்டு இறங்கினார்கள், இரண்டாவது மாடியில் ஒருத்தனுக்கு மூச்சு வாங்கிவிட்டது, நான் படுத்தபடியே அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அந்த நேரத்திலும் எனக்கு நாற்பத்து நாலுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நல்ல மனுஷர், இளவட்டம். மனோஜிடம் கேட்டார், அப்பா என்ன வேலை செய்கிறார், உடற்பயிற்சி உண்டா என்று. உங்கள் மருமகன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்: “ஒரு வேலையும் நாங்க செய்ய விடறதில்ல சார். ஃபுல் ஆராம், ஓய்வுதான். காலைல பார்க்ல சிரிப்புச் சங்கத்துக்குப் போவார், உக்காந்து சிரிப்பார், வந்துடுவார்.” டாக்டர் முகம் சுருங்கிப்போயிற்று. ஓடியாடுகிற ஆளுக்கு இப்படி மெதுவாக அடித்தால் அது பலமாம், உட்கார்ந்து சிரிக்கிற ஆளுக்கு அடித்தால் வியாதியாம்.

இங்கேதான் மச்சான் சங்கதி இருக்கிறது. நான் சிரிப்புச் சங்கத்தில் ஒரு நாளும் சிரித்தது கிடையாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நாசிக் பாட்டா திருப்பத்தில் ஒரு டெம்போக்காரன் உரசி நான் சைக்கிளோடு வெந்தயக்கீரைக் குவியலில் விழுந்தது உங்களுக்குத் தெரியும். அடி ஒன்றும் இல்லை, தலையில் கீரையோடு வீட்டுக்கு வந்தேன், அதுதான் நான் செய்த தப்பு. பவுன் என் கையைப் பிடித்து இழுத்து, கழுத்தில் டை கட்டி ஆபீசுக்குக் கிளம்பி நின்ற மனோஜ் தலையில் வைத்து, “இனிமே இந்த சைக்கிளத் தொடமாட்டேன்னு இவன் தலயில அடிச்சுச் சொல்லுங்க” என்றாள். அடித்தேன். அந்தச் சைக்கிளைப் பழைய இரும்பு வாங்கும் பங்கார்வாலா கொண்டுபோனான். சத்தியத்துக்கு நான் கட்டுப்பட்டவன், அந்தச் சைக்கிளை இன்றுவரை விரலால் தொடவில்லை. இது வேறு சைக்கிள்.

வீட்டிலேயே உட்கார்ந்து கொஞ்ச நாளில் முழங்கால் கதவுக் கீல் மாதிரி கத்த ஆரம்பித்தது, அதனால் வாங்கினேன். சாங்வி முனையில் தத்தோபா என்கிற பஞ்சர் கடைக்காரர் கடையில் நிற்கிறது. காலையில் சிரிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்குவேன், தாபோடி வழியாகக் கசார்வாடி, நாசிக் பாட்டா ஏறி போசரி, அங்கே ஒரு டீ, அதே வழியில் திரும்பி வந்துவிடுவேன். எதிர்க்காற்று, லாரிப் புகை எல்லாம் எனக்குச் சொந்தக்காரர்கள். நாலுவிதக் கியர் வைத்த சைக்கிளில் முழங்கால் தெரிய உடுத்திக்கொண்டு ஔந்துப் பக்கத்துப் பணக்காரப் பையன்கள் வருவார்கள், ஏற்றத்தில் நான் மணி அடித்தால் வழிவிடுவார்கள். வீட்டுக்கு வந்தால் பவுன் கேட்பாள், “சிரிச்சதுக்கா இம்புட்டு வேர்வை?” இன்னைக்கு நல்ல சிரிப்பு என்பேன்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். சைக்கிளைச் சொன்னால் பெட்டி வேண்டாம் என்பார்கள், ஆனால் சத்தியத்தை மீறினேன் என்று பவுன் மனோஜ் தலையைத் தடவித் தடவி அழுதே ஓய்ந்துபோவாள், சைக்கிளும் போய்விடும். சொல்லாவிட்டால் சைக்கிள் தத்தோபா கடையில் பத்திரம், நெஞ்சில் பெட்டி. அது மட்டுமில்லை, டாக்டர் முன்னால் மனோஜ் அவ்வளவு பெருமையாக, அப்பாவை நான் ராஜா மாதிரி உட்கார வைத்திருக்கிறேன் என்று சொன்னபிறகு, இல்லை சார் இவர் லாரிக்கு நடுவில் சைக்கிள் மிதிக்கிறார் என்று பெற்ற தகப்பன் எப்படிச் சொல்வது? “தாத்தா, சைக்கிள் கீக்கிள் ஓட்டுவீங்களா?” என்று டாக்டர் நேராக என்னையே கேட்டார். மனோஜ் முகத்தைப் பார்த்தேன். சேச்சே, உட்காருவேன் சார் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த நாள் ஓடுகிற பட்டையில் என்னை ஏற்றி நடக்கவிட்டார்கள். நெஞ்செல்லாம் வயர். நன்றாக நடந்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே, உட்கார்ந்து சிரிக்கிற ஆள் எப்படி நடப்பான் என்று யோசித்து, நாலு எட்டு வைத்ததும் மூச்சு வாங்குவது மாதிரி நடித்தேன். நடிப்பு நன்றாக வந்துவிட்டது மச்சான், அதுதான் வினை. கம்பியைப் பிடித்துத் தொங்கினேன், கண்ணைச் செருகினேன், நர்ஸ் அம்ருதா நிஜமாகவே அழுதுவிட்டாள். துடிப்பும் குறைவு, மூச்சும் வாங்குகிறது, பெட்டிதான் என்று டாக்டர் முடிவு கட்டிவிட்டார். நேற்று மத்தியானம், துடிப்பைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டினால் விட்டுவிடுவார்கள் என்று போர்வைக்குள்ளேயே மல்லாந்து படுத்துச் சைக்கிள் மிதித்தேன். போசரி ஏற்றம் வரைக்கும்தான் போயிருப்பேன், தலைமாட்டில் இருந்த மெஷின் கூச்சல் போட்டது, ஆறேழு பேர் ஓடிவந்து அமுக்கிப் பிடித்தார்கள். இப்போது துடிப்பு ஏறி இறங்குகிறது என்று அதையும் சேர்த்து எழுதிவிட்டார்கள். இதை எழுதுகிற இவரும் பக்கத்தில் படுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை எனக்காகப் பேசவில்லை. ஒன்றுமில்லை.

ஆகையால் மச்சான், தாய்மாமன் வாக்குக்கு மனோஜ் எப்போதும் கட்டுப்படுவான். காது குத்தியதும் உங்கள் மடியில்தான், படிப்புக்கு எந்தக் காலேஜ் என்று சொன்னதும் நீங்கள்தான், ப்ரீத்தியைப் பார்த்துச் சரி என்றதும் நீங்கள்தான். கடிதம் கிடைத்த உடனே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அவனைக் கூப்பிடுங்கள். இப்படிப் பேசுங்கள்: “ஏல மனோஜு, அத்தான சைக்கிள் ஓட்டச் சொன்னது நான்தாம்ல. அக்கா வச்ச சத்தியத்த நான் எடுத்துட்டேன், தாய்மாமனுக்கு அந்த உரிமை உண்டு. டாக்டர்ட்ட போயி எங்கப்பா சைக்கிள் ஓட்டுறவர்னு சொல்லு.” தாய்மாமன் சத்தியத்தை எடுக்கலாமா என்று எனக்குத் தெரியாது, ஆனால் மனோஜுக்கும் தெரியாது. பவுன் போனைப் பிடுங்கினால் தயவுசெய்து நீங்கள் அழ ஆரம்பித்துவிடுங்கள், தம்பி அழுதால் அவள் அழுகையை நிறுத்திவிடுவாள். நானே போனில் பேசலாமே என்று கேட்பீர்கள். வார்டுக்கு ஒரே போன், அது வெளியே வராந்தாவில், அதற்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுப் பவுன் உட்கார்ந்திருக்கிறாள். தமிழ் தெரிந்தவர்கள் இந்த வார்டில் எங்களைத் தவிர வேறு யாரும் கிடையாது, அதனால் இவரிடம் தாராளமாக உரக்கச் சொல்லி எழுதுகிறேன்.

பயப்படாதீர்கள், எனக்கு ஒன்றும் ஆகாது. எண்பது வயதில் உங்களைப் பின்சீட்டில் வைத்துப் போசரி வரை மிதித்துக் காட்டுவேன். உங்கள் குடும்பம் குலம் தழைத்து, பிள்ளைகள் கல்விச் செல்வத்தோடும் தங்கச்சி தாலி பாக்கியத்தோடும் இருக்க, நாற்பத்து நாலு முறை துடிக்கிற இந்த நெஞ்சார வாழ்த்துகிறேன். பெரியவர்களுக்கு நமஸ்காரம், சிறியவர்களுக்கு ஆசி.

இப்படிக்கு,
அத்தான் மாடசாமி
(இடது பெருவிரல்)

பின்குறிப்பு: மச்சான், போன் செய்ய வேண்டாம். முக்கியமாக, போன் வந்தால் எடுக்கவும் வேண்டாம். ‘நமஸ்காரம்’ என்று நான் சொல்லி முடித்துத் திரும்பினால், திரைச்சீலை ஓரத்தில் மனோஜ் இளநீரோடு நிற்கிறான். எதிலிருந்து கேட்டானோ தெரியாது, “சிரிப்புச் சங்கமா?” என்று ஒரே வார்த்தைதான் கேட்டான். நேராகப் போய் டாக்டரைக் கூட்டிவந்துவிட்டான். நான் சாங்வியிலிருந்து போசரி வரை ஒரு மேடு பள்ளம் விடாமல் சொன்னேன், டாக்டர் முகம் மலர்ந்துபோய், “தாத்தா, இது விளையாட்டு வீரர்களோட துடிப்பு” என்றார். பவுன்கூட அழுகையை நிறுத்திவிட்டாள். வார்டே என்னைப் பார்த்தது. அதோடு விட்டிருக்கலாம். கிளம்புவதற்கு முன்னால் என்ன சாப்பிடுவீர்கள் என்று சும்மா கேட்டார். ஒரு காபி, ஒரு மாத்திரை என்றேன். என்ன மாத்திரை, முதல் நாளே நான் கேட்டபோது மாத்திரையே சாப்பிடுவதில்லை என்றீர்களே என்றார். டாக்டர் கொடுத்த மாத்திரைதான் சாப்பிடுவதில்லை சார், இது என் மச்சான் கொடுத்தது என்றேன். நீங்கள் போன தீபாவளிக்கு வந்தபோது, “எனக்கு பிபிக்கு அமிர்தமா இருக்கு அத்தான், நீங்களும் போடுங்க” என்று கொடுத்துவிட்டு, மாதாமாதம் வத்தல் பொட்டலத்தோடு அனுப்புகிறீர்களே, அந்த வெள்ளை மாத்திரை. சத்து மாத்திரை என்று நினைத்து இங்கேயும் காலைக் காபியோடு தர ப்ரீத்தி கைப்பையில் வைத்திருந்ததை எடுத்துக் காட்டினோம். தினம் எத்தனை என்றார். சாதாரண நாளில் ஒன்று, எதிர்க்காற்று அடித்தால் இரண்டு என்றேன். டாக்டர் அப்படியே பக்கத்தில் பாலசுப்ரமணியன் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த மாத்திரையின் வேலையே நெஞ்சை மெதுவாக அடிக்கவைப்பதுதானாம். இந்த நாலு நாளாக அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள், இன்று காலை ஐம்பத்தெட்டு. பெட்டி வேண்டாம், சைக்கிளும் ஓட்டலாம் என்றுவிட்டார். ஆனால் அந்த நாற்பத்து நாலில் என் கால் சம்பாதித்தது எவ்வளவு, உங்கள் மாத்திரை சம்பாதித்தது எவ்வளவு என்று ஒருத்தராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை, அதுதான் மனத்தாங்கல். மனோஜ் இப்போது எஸ்.டி.டி. பூத்துக்குத்தான் போயிருக்கிறான். தாய்மாமனிடம் தனியாகக் கொஞ்சம் பேச வேண்டுமாம்.