சுவரைத் தட்டிப் பார்ப்பவர்

பழைய கட்டடம் எதைக் கண்டாலும் விரல் முட்டியால் டொக் டொக்கென்று தட்டி, காதைச் சாய்த்து, நாடி பார்க்கும் வைத்தியர்போல் கண்ணை மூடிக்கொள்ளும் ஒருவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்தான் பழமை ரசிகர். இந்த இனம் பழைய வீட்டில் குடியிருப்பதில்லை. பிறர் குடியிருக்கும் வீட்டுக்கு வந்து ரசித்துவிட்டுப் போகும்.

பெரிய மாளிகை ஒன்றின் வாசலில், காவல்காரருக்கென்று அந்தக் காலத்தில் கட்டிய சின்ன வீட்டில் நாங்கள் இருக்கிறோம். கூரான வளைவு வாசல், வீட்டுக்கே பாரமாக ஒரு புகைபோக்கி, எட்டு மூலை முன்னறை. எட்டு மூலை இருந்து என்ன, பீரோ வைக்க ஒன்றுகூட உதவாது. ரசிகரோ, "அடடா, என்ன அமைப்பு!" என்று உருகுவார். மழை வந்தால் கூரை ஒழுகும். கைக்குழந்தையின் தொட்டிலை இழுத்துக்கொண்டு அறையைச் சுற்றுவோம். ஓடு மாற்றக் கட்டடப் பாதுகாப்புக் குழு சம்மதிக்க வேண்டும். குழுத் தலைவர் யார்? அந்த ரசிகரேதான்.

"சார், கூரையை மட்டும் கொஞ்சம்..." என்று என் வீட்டுக்காரர் வாயெடுத்தால் போதும்.

"கை வெச்சுடாதீங்க! அந்த மாதிரி ஓடு இன்னிக்கு யாரு செய்யறா?"

ஒருநாள் என் நாத்தனார் வந்திருந்தாள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது. "ஓடு நல்லாத்தான் இருக்கு சார். நடுவுல இருக்கிற ஓட்டைதான் தொல்லை."

"அந்த ஓட்டைக்கும் வயசு இருக்கும்மா."

"இருக்கட்டும் சார். குழந்தைக்குத்தான் இன்னும் வயசாகல."

அவர் சிரித்தார். மறுவாரம் பித்தளைப் பலகையோடு வந்தார். 'பாதுகாக்கப்பட்ட கட்டடம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.' அதைச் சுவரில் எப்படி மாட்டினார் என்கிறீர்கள்? ஆணி அடித்துத்தான். நீள நீளமான ஆணிகள். கடைசி ஆணி இறங்கியதும் வளைவிலிருந்து தரைவரை சுவர் வாய் பிளந்தது. காரை பெயர்ந்து அவர் தோளிலேயே விழுந்தது.

பதறினாரா? தோளைத் தட்டிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஆகா, அந்தக் காலத்துச் செங்கல்! இதைப் பூசி மூடிடாதீங்க."

"அப்போ மழைத் தண்ணி, சார்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அது எப்பவும் வர்றதுதானே!"

இதைப் படிக்கும்போதே, 'அந்த வீட்டை ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்' என்று உங்களுக்கு ஆசை எழுந்ததா? சந்தேகமே வேண்டாம், நீங்களும் அந்த இனம்தான். தாராளமாக வாருங்கள், மாற்றுத் துணி ஒன்று இருக்கட்டும்.

இன்றைக்கு முன்பக்கம் பலகை பளபளக்கிறது. கூரையும் ஒழுகுகிறது, சுவரும் ஒழுகுகிறது. குழந்தை நாத்தனார் வீட்டில் வளர்கிறது.