ஆளிருக்கிற வீடு

கனகரத்தினம் மறுபடியும் பூட்டை இழுத்துப் பார்க்க ஓட்டோவிலிருந்து இறங்கினார்.

"இஞ்சருங்கோ, பஸ் போகப்போகுது," என்றாள் மனைவி அருமைநாயகி. "நீங்கள் இழுக்கிற இழுவையிலை பூட்டே கழண்டுபோம்."

"நீர் சும்மா இரும். ஒருக்காப் பூட்டிப்போட்டுப் போய் நான் பட்டது போதும்."

அவர் பட்டது பொய்யில்லை. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு யுத்த இடப்பெயர்வில் இந்த உடுவில் வீட்டைப் பூட்டிச் சாவியை மடியில் கட்டிக்கொண்டு சாவகச்சேரிக்கு நடந்தவர். பல மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது சாவி பத்திரமாக மடியில் இருந்தது. வீட்டில்தான் கதவு இருக்கவில்லை. யன்னலும் இல்லை, கூரை ஓடும் இல்லை. சங்கக்கடை மனேச்சர் வேலையில் மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்து அந்த வீட்டை மறுபடி எழுப்பினார். அன்றிலிருந்து ஓர் இரவுகூட அவர் வெளியே தங்கியதில்லை. கலியாண வீடோ செத்த வீடோ, பொழுதுபடுமுன் வந்துவிடுவார்.

அருமைநாயகிக்கோ கலியாணம் கட்டிய நாளிலிருந்து ஒரேயொரு ஆசை. ஒரு மலையைக் கண்ணால் காண வேண்டும். யாழ்ப்பாணத்தை விட்டு அசையாதவளுக்கு மேடு என்றால் ரோட்டில் போட்ட வேகத்தடைதான்.

இந்தச் சித்திரையில் சீட்டு விழுந்திருக்கிறது என்று சொல்லி நுவரெலியாவில் அறையும் எடுத்துவிட்டாள். கொஞ்சம் அழவும் அழுதாள். கனகரத்தினம் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். வீடு ஆளில்லாத வீடாகத் தெரியக்கூடாது.

"விறாந்தை லைற்றைப் போட்டுவிட்டிருக்கிறன்," என்றார், ஓட்டோக்காரன் சுபாசிடம். அவன்தான் பக்கத்து வீட்டுக்காரனும்.

"பகலிலையும் எரிஞ்சால் ஆளில்லை எண்டு தெரிஞ்சிடுமே அண்ணை."

சரிதான். லைற்றை அணைக்க அவனிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்தார்.

"வாசலிலை செருப்பும் கிடக்கு."

"அது ஒரே இடத்திலையே கிடந்தால்?"

"இடம் மாத்தி வை. கொடியிலை என்ரை சாரம் காயுது."

"நாலு நாளும் அதே சாரம் காய்ஞ்சால் சனம் என்ன நினைக்கும்?"

அலுமாரிச் சாவியும் கை மாறியது. கள்ளனுக்குப் பயந்த மனிதர், ஒரு சாவியும் மிச்சமில்லாமல் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு நின்றார்.

"என்னட்டை விடுங்கோ அண்ணை," என்றான் சுபாஸ், ஓட்டோக் கண்ணாடியைத் திருப்பியபடி. "ஆளிருந்தால்தான் ஆளிருக்கிற மாதிரி இருக்கும்."

நுவரெலியாவில் சித்திரைப் பூக்கள் கொள்ளையாகப் பூத்திருந்தன. அருமைநாயகி மலையைக் கண்டு வாயைப் பிளந்தவள் மூடவில்லை. கனகரத்தினம் எதையும் காணவில்லை. கம்பளித் தொப்பியோடு போனைத் தலைக்கு மேல் பிடித்தபடி சிக்னல் தேடித் திரிந்தார். அறையில் சிக்னல் இல்லை. கேற்றடியில் வந்து வந்து போனது. ஏரியின் நடுவில்தான் திறமாக இருந்தது. வள்ளத்தில் எழும்பி நின்றே கதைத்தார்.

"இருங்கோ! வள்ளம் பிரளப்போகுது!" என்று கத்தினாள் அருமைநாயகி.

"சுபாஸ், என்னடா அங்கை பிள்ளையள் கத்துற சத்தம்?"

"ரீவி அண்ணை. சத்தமாய்ப் போட்டு விட்டிருக்கிறன். வீடெண்டால் சத்தம் வேணுமெல்லோ?"

"கிணத்து மோட்டரும் கேக்குது."

"அதையும் போட்டு விட்டனான். குளிக்காமலோ ஆக்கள் இருக்கிறது?"

கனகரத்தினம் மனம் குளிர்ந்து உட்கார்ந்தார். இப்படி ஒரு பொடியன் ஊருக்கு ஒருவன் இருந்தால் கள்ளன் என்ற சாதியே அழிந்துவிடும் என்றார். அருமைநாயகி குனிந்து ஏரித் தண்ணீரில் கையை அளைந்துகொண்டிருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது ஒரு பொருளும் குறையவில்லை. கூடித்தான் இருந்தது. மாமரத்தில் ஊஞ்சல் தொங்கியது. கிணற்றடி பளிச்சென்று தேய்த்திருந்தது. குப்பைக்குள் ஏதோ வெளிநாட்டுக் கிறீம் ஒன்று கிடந்தது.

"உதென்னடா?"

"குப்பைக்குள்ளை ஒரு வெளிநாட்டுக் கிறீம் கிடந்தால்தான் கள்ளன் பயப்பிடுவான் அண்ணை. கனடாக்காரர் வந்து நிக்கினம் எண்டு நினைப்பான்."

இவ்வளவு மூளை உள்ளவன் ஏன் ஓட்டோ ஓடுகிறான் என்று கனகரத்தினம் இரண்டு நாள் கவலைப்பட்டார்.

ஆகவே மார்கழியில் அருமைநாயகி, "சித்திரையிலை பாத்தது பூ மட்டும்தானப்பா. குளிர் பாக்க வேண்டாமோ?" என்று தொடங்கியபோது, அவர் பெரிதாக மறுக்கவில்லை. அவளுக்கு மறுபடியும் சீட்டு விழுந்திருந்தது. அவளுக்கு மட்டும் எப்படி இப்படி விழுகிறது என்று கேட்டார். "ராசி," என்றாள்.

மார்கழி நுவரெலியாவில் மலையே இல்லை. பனிப்புகார் மூடி, எதிரே இருந்த பேக்கரிகூடத் தெரியவில்லை. அருமைநாயகிக்கு அதுவும் பிடித்திருந்தது. சின்னப்பிள்ளை மாதிரி வாயால் ஆவி விட்டு விளையாடினாள். கனகரத்தினம் போர்வையோடு கேற்றடிக்குப் போய்ச் சுபாசுக்கு அடித்தார். அவன் எடுக்கவில்லை.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. சொந்த வீட்டுத் தொலைபேசிக்கே அடித்துப் பார்த்தால் என்ன? மணி அடித்துக்கொண்டே இருந்தால் வீட்டில் ஒருவரும் இல்லை. ஆகவே கள்ளனும் இல்லை.

மணி இரண்டு தரம்தான் அடித்தது.

"ஹலோ?" என்றது ஒரு பெண் குரல்.

"ஆர்... ஆர் கதைக்கிறது?"

"நான் கோபிகா. உங்களுக்கு ஆர் வேணும்?"

"வேறை ஆர் அங்கை நிக்கினம்?"

"இவர் கிணத்தடியிலை குளிக்கிறார். பிள்ளையள் ஊஞ்சலிலை. நீங்கள் ஆர்?"

வீட்டுக்காரன் ஊரில் இல்லை என்பது வெளியே தெரியக்கூடாது. "பிழையான நம்பர்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு அறைக்கு ஓடினார்.

"நாயகி! கள்ளன் குடும்பத்தோடை வந்திருக்கிறான்! என்ரை கிணத்திலை குளிக்கிறான்! பேரையும் சொல்லுறாளப்பா, துணிஞ்ச கட்டை!"

குளிரில் சிவந்திருந்த அருமைநாயகியின் முகம் வெளிறிப்போனது. "பிழையான நம்பராய் இருக்குமப்பா."

"என்ரை நம்பரை நான் பிழையாய் அடிப்பனோ? வெளிக்கிடும்."

"கொஞ்சம் பொறுங்கோ. நான் கேற்றடிக்குப் போய்ச் சுபாசைக் கேக்கிறன்."

"உவனையோ? உவன்தான் சாவியைக் குடுத்திருக்கிறான்! உம்மடை போனை இஞ்சை தாரும். என்ரை சார்ஜ் முடிஞ்சுது." வாங்கிய போனைச் சேட்டுப் பையில் வைத்து, மேலே இரண்டு சுவெற்றர்களைப் போட்டு மூடிக்கொண்டார்.

"ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அறை எடுத்துக் கிடக்கு..."

"கிடக்கட்டும்."

"எனக்கு இடுப்பு நாரி பிடிச்சுப்போச்சு. எழும்பேலாது."

"பஸ்ஸிலை இருந்துகொண்டுதானே வாறது."

விடியக் கிளம்பிய பஸ்ஸில் அவர் ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்கவில்லை. இந்த முறையும் கதவு போனால் இன்னொரு கதவு போடத் தன்னால் இயலாது என்று ஒருதரம் சொன்னார். அருமைநாயகி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு சுவெற்றருக்குள் புடைத்திருந்த தன் போனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

உடுவிலில் இறங்கியபோது பின்னேரமாகிவிட்டது.

"வெள்ளிக்கிழமையெல்லோ. ஒருக்காக் கோயிலுக்குப் போட்டுப் போவமே?" என்றாள்.

அவர் குடையை வாள் மாதிரிப் பிடித்துக்கொண்டு முன்னே நடந்துகொண்டிருந்தார்.

கேற் திறந்து கிடந்தது. முதலில் அவர் பார்த்தது கதவைத்தான். கதவு இருந்தது. யன்னல்களும் இருந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் தெரிந்தது. ஊஞ்சலில் இரண்டு பிள்ளைகள். கொடி நிறையக் கலர் கலராய் உடுப்பு. அவருடைய சாய்மனைக் கதிரையில் காற்சட்டை போட்ட ஒருவன், அவருடைய கோப்பையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். பின்னால் சுபாஸ் அப்பப் பார்சலோடு வந்து, அவரைக் கண்டு சிலையாகி நின்றான்.

"எட துரோகி!" என்று குடையை ஓங்கினார் கனகரத்தினம். "வீட்டிலை ஆளிருக்கிற மாதிரிக் காட்டச் சொன்னால் ஆளையே குடிவைச்சிட்டியோ? சித்திரையிலையும் உதுதானோ? அந்த ஊஞ்சலும் கிறீமும்? சொல்லடா! ஆர் உனக்கு இந்தத் துணிவைத் தந்தது?"

சுபாஸ் கனகரத்தினத்தைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் பார்த்தான். பின்னால் அருமைநாயகி மாமரத்தின் உச்சியில் காய் இருக்கிறதா என்று மும்முரமாக ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

சத்தம் கேட்டுக் குசினிக்குள் இருந்து கோபிகா கை துடைத்தபடி ஓடி வந்தாள். கிழவரின் குடையைக் கண்டு ஒரு கணம் தயங்கினாள். பிறகு அருமைநாயகியைக் கண்டதும் அவளுடைய முகம் மலர்ந்தது.

"என்ன அன்ரி இது? வாடகைக் காசு வாங்கேக்கை, ஐயாவை ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் மலையிலை வைச்சிருக்கிறன் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"